ஒரு பவுசர் கசப்புத் தண்ணீர்

என்னை வேலையால் நிறுத்திய அன்று அலுவலகத்தில் இருந்த ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் ஒவ்வொருவர் முகத்தையும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கென்ன வெட்கம்? சொல் கேட்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். உண்மைதான், கேட்கவில்லை. அப்படியொரு சொல் இன்னொரு தரம் வந்தாலும் கேட்கமாட்டேன்.

அந்த வேலைக்கு நான் சும்மா போய்ச் சேர்ந்தவள் அல்ல. வளைகுடா நாடொன்றில், பாலைவனத்து எண்ணெய் வயலின் ஆய்வுகூடத்தில் சில வருடங்கள் வேலை செய்தவள். ஊரில் உள்ளவர்களுக்கு நிலத்தடி எண்ணெய் என்றால் ஏதோ குளம்போலக் கிடக்கும், குழாயை விட்டு உறிஞ்சவேண்டியதுதான் என்று நினைப்பு. அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவளுக்கு நான் தேங்காயை வைத்துத்தான் விளக்கினேன். எண்ணெய் பாறைக்குள் இருக்கிறது, துருவிய தேங்காய்ப்பூவுக்குள் பால் இருப்பதுபோல. கிணறு தோண்டியதும் தானாகப் பீறி வருவது முதற்பால். தண்ணீர் விட்டுத் தள்ளி எடுப்பது இரண்டாம் பால். அதற்குப் பிறகும் பாறைக்குள் பெரும்பங்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பாறையின் நுண்ணிய துவாரங்களில் எண்ணெய்த் துளி தொண்டை அடைத்து நிற்கும், நாங்கள் தள்ளுகிற தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அங்கேதான் எங்கள் மருந்து தேவைப்படும்.

மருந்து என்று நான் சொல்வது சவர்க்கார இனத்தை, அதாவது சோப் இனத்தைச் சேர்ந்த ஒன்று. அதன் ஒரு நுனிக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு நுனிக்கு எண்ணெய் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு இரண்டின் பகையையும் குறைத்துவிடும். முறுக்கிக்கொண்டு நின்ற துளி இளகி, நீண்டு, சின்னச் சின்னத் துளிகளாகப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து பால்போல வெளியே வரும். பால்மம் என்று புத்தகம் சொல்லும். அக்கா கேட்டுவிட்டு, "அப்ப நீ அங்க போய் மூண்டாம் பால் பிழியிறாய், அதுக்கோ இவ்வளவு படிப்பு?" என்றாள். அவளுக்கு என்னைக் கிண்டல் பண்ணாவிட்டால் சோறு இறங்காது.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்ததும் கப்பல்துறைப் பக்கம் ஒரு கம்பனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கரையோரக் காணியொன்றில் எண்ணெய் நிரப்புகிற ஒரு பழைய இரும்புத் தாங்கி இருந்தது. அதன் அடியில் கப்பல்களுக்கு எரிக்கிற எண்ணெய் தார்போல இறுகிக் கிடந்தது. அதை எடுத்து, தாங்கியைக் கழுவி, காணிச் சொந்தக்காரரிடம் ஒப்படைப்பது எங்கள் வேலை. பொறுப்பாக இருந்தவர் கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர். நாங்கள் சேர் என்போம். நான் அவருக்கு மிஸ். மனிதர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவசரக்காரர்.

வெளிநாட்டு மருந்துக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. தேங்காயெண்ணெயிலிருந்து நானே ஒரு சவர்க்காரக் கரைசல் செய்துகொடுத்தேன். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: காணிக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, நல்ல தண்ணீர் பவுசரில், தண்ணீர் லொறியில், வரவேண்டும். அது சவர்க் கிணறு, உப்புக் கரிக்கும். நாங்கள் பிறந்து வளர்ந்தது நிலாவெளியில், உப்பளத்துக்குக் கிட்ட. சவர்த் தண்ணீரில் தலை முழுகிய எவளுக்கும் தெரியும், எவ்வளவு தேய்த்தாலும் சவர்க்காரம் நுரைக்காது, தயிர்போலத் திரைந்து தலைமயிரில் ஒட்டும். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அந்தத் தண்ணீரை நான் திட்டாத நாள் இல்லை.

மருந்து வேலை செய்தது. சூடாக்கி அடித்ததும் கல்போல இருந்த எண்ணெய் அசைந்து, கரைந்து, பால்தேத்தண்ணி நிறத்தில் குழாய் வழியாக ஓடி வந்தபோது நான் கைதட்டிவிட்டேன். அந்தப் பாலை அணை கட்டிய ஒரு குட்டையில் தேக்கினோம். லொறிகள் வந்து ஏற்றிக்கொண்டுபோய்ச் சூளையில் எரிப்பதாக ஏற்பாடு. குட்டையின் கடற்பக்க அணைக்குள்ளால் மழைத்தண்ணீர் விடுகிற பழைய குழாய் ஒன்று ஓடியது. அதற்கொரு வால்வு, வால்வைத் திருக ஒரு இரும்புச் சக்கரம். அப்போது அதை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

குழாய் போய் முடிகிற இடம் ஆழமில்லாத சேற்றுக்கடல். அங்கேதான் அக்கா மட்டிச் சிப்பி எடுக்கிறாள்.

அத்தான் இறந்துபோன பிறகு அவளுக்கு அந்தச் சேறுதான் எல்லாம். தண்ணீர் வற்றுகிற நேரம் இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றில் வாளியை மிதக்கவிட்டு, முழங்காலில் நின்று சேற்றுக்குள் விரல்விட்டுத் துழாவுவாள். என்னைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அனுப்பியதும் அந்த விரல்கள்தான். அவளோடு கிண்ணியாவிலிருந்தும் பெண்கள் வருவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அக்கா மட்டிப் பிரட்டல் செய்து என் சாப்பாட்டுப் பெட்டியில் கூடுதலாக வைப்பாள், அது சேருக்கு. "பாவம், கொழும்புப் பிள்ளை, கடைச்சோறு திண்டு காயுது" என்பாள். சேரும் வெள்ளிக்கிழமை வந்தால் காலையிலேயே என் மேசைப் பக்கம் இரண்டு தரம் நடப்பார்.

சோளகக் காற்று ஓய்ந்து மாரி தொடங்கப்போகிற நேரம், லொறிகள் வருவது நின்றது. சூளைக்காரருக்கும் கம்பனிக்கும் ஏதோ பிணக்கு. குட்டை விளிம்புக்குக் கிட்ட நின்றது. வானம் ஒவ்வொரு பின்னேரமும் கறுத்தது. காணிச் சொந்தக்காரரின் ஆட்கள் பார்வைக்கு வருகிறார்கள் என்று செய்தியும் வந்தது. சேர் என்னைக் குட்டையடிக்குக் கூப்பிட்டார்.

"மிஸ், முதல் மழை விழுந்ததும் வால்வைத் திறந்து விடுவம். மழைக்கு எல்லா வாய்க்காலும் இந்த நிறத்திலதான் ஓடுது. ஒருத்தருக்கும் விளங்காது."

"சேர், இது சேத்துத் தண்ணி இல்லை. எண்ணெய்."

"எண்ணெய்தான். ஆனா எங்க தெரியுது? நீங்க அவ்வளவு நல்லா கலந்திருக்கிறீங்க."

பாராட்டு என்று நினைத்துச் சொன்னார். என் வேலையையே எடுத்து என் அக்காவின் தலையில் ஊற்றப்போகிறார், அதற்கு நன்றி வேறு சொல்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை கேட்டிருக்கிறேன். பூசணிக்காயை அரைத்துச் சோற்றோடு குழைத்துவிட்டால் மறைக்கவே தேவையில்லை என்று அன்றுதான் கண்டேன்.

"இதைத் திருப்பித் தாங்கிக்குள்ள ஏத்துங்கோ, பிறகு பாப்பம்" என்றேன்.

"தாங்கியைக் கழுவியாச்சு. திரும்ப ஊத்தையாக்கி எப்படி ஒப்படைக்கிற? கடல் பெரிசு மிஸ். உப்புத் தண்ணியில சேர்ந்ததும் உங்க சவர்க்காரம் தானே முறிஞ்சு போகும்."

"ஓம், முறியும். எங்க முறியும் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

பதிலுக்குக் காத்திராமல் நான் சொன்னேன். மழைவெள்ளத்தோடு மிதந்துபோய், உப்புக் கரிக்கத் தொடங்குகிற இடத்தில் முறியும். அது அந்தச் சேற்றுக்கடல். முறிந்த எண்ணெய் வெள்ளம் கொண்டுவருகிற மண்ணோடு ஒட்டிக் கீழே இறங்கும். அதற்கு முன்னமே துளியாக இருக்கும்போது மட்டி அதைக் குடித்துவிடும். மட்டிக்கு வாயும் வயிறும் தண்ணீர்தான். வருகிற தண்ணீரை உறிஞ்சி, வடித்து, அதில் இருக்கிறதைத் தின்று உயிர் வாழ்கிற பிராணி. கறுப்பாகப் படலமாக மிதக்கிற எண்ணெய் அதற்கு மேலால் போகும். நாங்கள் உடைத்துச் சின்னதாக்கிய துளி நேரே உள்ளே போகும். பாறையின் கண்ணுக்குள் புகுந்து வந்த துளிக்கு மட்டியின் வாய் பெரிய வாசல் அல்லவா?

"வெள்ளிக்கிழமை நீங்களும்தான் அதைச் சாப்பிடப்போறியள்" என்றேன்.

சேர் வானத்தைக் கையால் காட்டினார். பிறகு, "நாளைக்கு மழை வரும் எண்டு சொல்றாங்க. வேற வழி இல்ல" என்றுவிட்டுத் தொலைபேசியோடு போய்விட்டார்.

வழி இல்லையாம்! நான் சாப்பாட்டோடு கொண்டுவந்த ஒரு போத்தலில் குட்டைத் தண்ணீரை மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். பின்னேரம் குசினி மேசையில் வைத்து அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவள், அப்படியே எழும்பினாள்.

"அந்தக் கருமத்தை என்ர மட்டிக்குள்ள ஊத்தப்போறாரோ? சாப்பாடு குடுத்த கைக்கு இதுவோ கூலி? நான் இப்பவே போறன்."

"இரு அக்கா. போய்ச் சண்டை பிடிச்சாலும் மழை நிக்காது."

கல்லுப்பை அள்ளிப் போத்தலுக்குள் போட்டுக் குலுக்கினேன். பால் கொஞ்சம் திரைந்தது, ஆனால் மனமில்லாமல். வெறும் உப்பு போதாது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சவர்க் கிணற்றில் சவர்க்காரத்தைக் கொல்வது உப்பு மட்டுமல்ல, உப்போடு கூட வருகிற மக்னீசியம், கல்சியம். அவை எங்கே செறிவாகக் கிடக்கும்? அப்போதுதான் நிலாவெளி உப்பளம் நினைவுக்கு வந்தது. உப்பு விளைந்து வாரியெடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுமே, வாயில் வைத்தால் பேதி மருந்துபோலக் கசக்கிற தண்ணீர். சின்ன வயதில் பந்தயம் கட்டிக் குடித்து, இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தவள் அக்கா. மாரி இன்னும் தொடங்கவில்லை, ஆகவே பாத்திகளில் அது கிடக்கும்.

பஸ் பிடித்து நிலாவெளிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் கான் நிறைய எடுத்து வந்தேன். விளக்கு வைத்த கையோடு ஒரு கோப்பை அளவு போத்தலுக்குள் ஊற்றினேன். பால் திரைந்தது. தும்புதும்பாகப் பிரிந்தது. பிறகு மெதுவாக, கறுப்பு மேலே வந்தது. ஒரு விரற்கடை கனம். கீழே கலங்கல் தண்ணீர், அவ்வளவுதான்.

அக்கா போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவு எண்ணெய் அதுக்குள்ள ஒளிச்சுக் கிடந்ததோ?" என்றாள். பிறகு, "என்ர ஊறுகாய்ப் போத்தலடி அது, பாவி!" என்று கத்தினாள்.

எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர்க்கார நானா கிண்ணியாக்காரர், அங்கே அண்ணனை நானா என்பார்கள். அவருக்குத் தொலைபேசி எடுத்து, நாளைக்கு நல்ல தண்ணீர் வேண்டாம், உப்பளத்தில் ஆளைக் கண்டு கதைத்துவிட்டு வந்திருக்கிறேன், அந்தக் கசப்புத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றேன். "என்னத்துக்கு தங்கச்சி?" என்று கேட்டார். சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்.

காலையில் எல்லோருக்கும் முதல் போய், வால்வின் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்து என் பைக்குள் போட்டேன். சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் அது சரியாக இருந்தது. பிறகு அணைமேல் போய் நின்றேன். வானம் இருண்டு, காற்று குளிர்ந்து வந்தது.

சேர் வந்தார். வெறும் தண்டாக நின்ற வால்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க மிஸ் அது?"

"என்னட்ட இருக்கு சேர்."

"தாங்க."

"ஏலாது."

"மிஸ், விளையாட வேணாம். மழை வரப்போகுது. அணை உடைஞ்சா எல்லாம் மொத்தமாப் போகும், அது பரவாயில்லையா?"

"அதுக்குத்தான் இதை இங்கேயே முறிக்கப்போறன். எண்ணெய் மேல வரட்டும், உறிஞ்சி எடுப்பம். மிச்சத் தண்ணியைத் தாங்கிக்குள்ள ஏத்துவம். மழைக்கு இடம் கிடைக்கும்."

"மேல வந்தா? வாறவங்களுக்குத் தெரியுமே!"

"தெரியட்டும். தெரியிற ஊத்தையைத்தான் அள்ளலாம். தெரியாத ஊத்தையை ஆர் அள்ளுறது? என்ர அக்காவோ?"

ஆட்களை அனுப்பிக் குறட்டால் தண்டைத் திருகச் சொன்னார். ஒருவன் குறட்டோடு வந்தவன், அணைக்கு அங்காலே எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். நானும் திரும்பிப் பார்த்தேன். குழாய் வாய்க்கு நேரே, இடுப்பளவு தண்ணீரில் அக்கா நின்றாள். வாளி பக்கத்தில் மிதந்தது. அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"திறவுங்கோ தம்பி!" என்று அங்கிருந்தே கத்தினாள். "முதல்ல என்ர மேல ஊத்துங்கோ. மட்டி பிறகு குடிக்கட்டும்!"

சேரின் முகம் சுண்டிப்போனது. அந்த நேரம் பார்த்துப் பவுசர் உறுமிக்கொண்டு வாசலால் வந்தது. நானா இறங்கிக் குழாயைக் குட்டைக்குள் போட்டுவிட்டு, "ஊத்தவா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"வேணாம்" என்றார் சேர்.

"ஊத்துங்கோ" என்றேன் நான்.

நானா இருவரையும் பார்த்தார். "என்ட பொஞ்சாதியும் அங்கதான் சேர் மட்டி எடுக்கிற" என்றார். திறந்துவிட்டார்.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. போத்தல் வேறு, குட்டை வேறு என்று எனக்குத் தெரியாதா? பம்பைப் போட்டு அடித்தண்ணீரை மேலே சுழற்றும்படி ஆட்களிடம் சொன்னேன். சேர் தடுக்கவில்லை. கதிரையொன்றைக் கொண்டுவரச் சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பம்பு ஓடியது. பால்நிறம் ஓரங்களில் மங்கியது. பிறகு தும்பு கட்டியது. பம்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். கறுப்பு ஒரு பொட்டாக, இன்னொரு பொட்டாக, பிறகு கம்பளம் விரித்ததுபோல முழுக் குட்டையிலும் ஏறி வந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. இவ்வளவு நாளும் எங்கள் காலடியில் தேத்தண்ணி வேஷம் போட்டுக்கொண்டு கிடந்தது அது. குறட்டோடு நின்றவன் "அம்மாடி!" என்றான்.

முதல்நாள் இரவே நான் சொல்லிவைத்திருந்த உறிஞ்சும் லொறி வந்து எண்ணெயை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் காணிக்காரரின் ஆட்கள் வந்தார்கள். கறுத்துப்போன அணையையும் பாதி எண்ணெயையும் பார்த்தார்கள். "இந்த மிஸ் ஏதோ பரிசோதனை செய்து..." என்று சேர் தொடங்கினார். நான் விடவில்லை. "இல்லை. நான் ஒண்டும் கூட்டேல்லை. உள்ள கிடந்ததை வெளியில காட்டினனான், அவ்வளவுதான்" என்றேன். அவர்களில் மூத்தவர் வால்வடிக்குப் போய், குனிந்து, குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். அக்கா அப்போதும் தண்ணீரிலிருந்து ஏறவில்லை. அவர் கேட்டதற்கு மறுமொழி அங்கே நின்றபடியால் நான் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை.

பின்னேரம் மழை கொட்டியது. அதற்குள் எண்ணெய் போயிருந்தது, அடித்தண்ணீர் தாங்கிக்கு ஏறியிருந்தது. மழைத்தண்ணீர் வெறுங்குட்டையில் விழுந்தது. அந்தக் கிழமையே குழாயை இரண்டு பக்கமும் சீமெந்தால் அடைக்கச் சொன்னார்கள், அடைத்தார்கள். அந்தக் கிழமையே என்னையும் நிறுத்தினார்கள்.

கொழும்புக்குத் திரும்பிப் போவதற்கு முதல் சேர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாமான் ஒப்படைக்கிறாராம், அந்தச் சக்கரம் குறைகிறதாம். மனிதரைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அக்கா ஒன்றும் நடக்காததுபோல, "வாங்கோ தம்பி, இருங்கோ" என்று கதிரை இழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை. சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மட்டிப் பிரட்டலும் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

அவர் கோப்பையைப் பார்த்தார். கை போகவில்லை. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"மிஸ்... சாப்பிடலாம்தானே?"

எத்தனை வெள்ளிக்கிழமை சாப்பிட்டவர்! ஒருநாளும் கேட்காத கேள்வி. வேலையால் நிறுத்திய பிறகுதான் என் படிப்பு அவருக்குத் தேவைப்பட்டது. நாக்கு நுனிவரை நிறைய வந்தது. அக்கா கண்ணால் அடக்கினாள்.

"சாப்பிடலாம் சேர்" என்றேன். "வால்வு திறந்திருந்தால் இந்தக் கோப்பையை உங்களுக்கு முன்னால வைச்சிருக்கமாட்டம்."

அவர் சாப்பிட்டார். தலையைத் தூக்காமல், கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, மெதுவாக, சக்கரத்தைப் பற்றி மறுபடியும் கேட்டார்.

அக்கா குசினிப் பக்கம் கையைக் காட்டினாள். அடுப்பில் அடுத்த சட்டி மட்டி அவிந்துகொண்டிருந்தது. மட்டி வாய் திறக்கும்போது மூடி எகிறும், முன்பு அதற்கு மேலே ஒரு கல் வைப்பாள். இப்போது கல்லின் இடத்தில் சக்கரம் இருந்தது.

"அதைத் தர ஏலாது தம்பி" என்றாள். "இவளைத்தான் நிப்பாட்டினியள். அது இப்ப வேலையில இருக்கு."